பெட்டியடிப் பையனும் பிசினஸ் பிளானும்

தொழில்முனைவைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது, செய்யவைத்துத்தான் கற்பிக்க முடியும் என்பதைப் பள்ளிக் கல்வித் துறை முதல் பல்கலைக்கழகங்கள் வரை இன்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். டில்லி அரசு 2019இல் தன் பள்ளிகளில் தொழில்முனைவு மனப்பாங்குக்கென்றே ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் என்று இப்போது அழைக்கப்படும் அமைப்பு 2001இலேயே உருவானது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. திட்டங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவற்றுக்குள் திடீரென்று நுழையும் மாணவர் படும் பாட்டைப் பற்றிய பேச்சு குறைவு. பன்னிரண்டு ஆண்டுகள் கையைக் கட்டி உட்கார்ந்து, சொன்னதை எழுதி, எழுதியதை ஒப்பித்துப் பழகிய பிள்ளையிடம் ஒருநாள் ‘நீயே பொருளைத் தேர்ந்தெடு, நீயே விலை வை, நீயே விற்றுப் பார்’ என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எவ்வளவு நாளில் பழகும்? பழகாமல் போனால் அது யார் குற்றம்?

இந்தக் கேள்விகளைக் காரைக்குடியையும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களையும் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சமூகம் தன் பையன்களைத் தொழிலைச் செய்யவைத்தே, தலைமுறை தலைமுறையாக, ஒரு முறை வகுத்து வளர்த்தெடுத்த ஊர்கள் இவை. அந்த முறையில் எது வேலை செய்தது, எது தவறாக இருந்தது என்று இரண்டையும் பார்க்காமல் இன்றைய வகுப்பறையைப் பற்றிப் பேசுவது வீண் என்று நினைக்கிறேன்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் அந்தச் செட்டியார்கள் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், அதற்கான படிப்பு ஊரில் திண்ணைப் பள்ளியிலேயே தொடங்கிவிடும். எண்சுவடியை மனப்பாடம் செய்யவேண்டும். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களை வாயாலேயே பெருக்கிக் கூட்டத் தெரிந்த பையனுக்குத்தான் வட்டிக்கணக்கு கைவரும். ஆண் குழந்தை பிறந்ததுமே அதன் படிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வட்டிக்கு வட்டி சேர விடுவதும், பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் தொழில் பழகத் தொடங்கிவிடுவதும் வழக்கம் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான, தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தம் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்தது கடை. பையனுக்கு அங்கே முதல் பதவி பெட்டியடி. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கூப்பிட்ட வேலைக்கு ஓடுவது, சீட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது, பெரியவர்கள் கடன் கேட்டு வருபவரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. சில காலம் போனால் குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு வரவுசெலவைப் பெயர்த்து எழுதும் வேலை வரும். தவணை தவறியவரிடம் போய்க் கேட்டு வரும் வேலை அதற்குப் பிறகு. அடுத்தாளாக உயர்ந்தால் சிறு கடன்களைத் தானே தீர்மானிக்கலாம். எல்லாம் தேறினவர்தான் மேலாள், அதாவது முதலாளியின் சார்பில் கடையையே நடத்தும் ஏஜென்ட். வேலை பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார்கள்.

பள்ளத்தூர் அ.மு. முருகப்ப செட்டியார் 1898இல் பர்மா போனபோது வயது பதினான்கு. மோல்மீனில் குடும்பத்தாரின் வட்டிக்கடையில் பழகினார். 1900இல் அங்கேயே தொழில் தொடங்கினார். இன்றைய முருகப்பா குழுமம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது அதைத்தான். பதினாறு வயதில் ஒருவர் தொழில் தொடங்குவது நமக்கு வியப்பாக இருக்கலாம். அவர் வளர்ந்த வீட்டில் அதை யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்த முறையை இன்றைய கண்ணோடு பார்த்தால் எனக்கு முதலில் படுவது அதன் நிதானம். வந்த அன்றே பையனிடம் யாரும் ‘தொழில் செய்’ என்று சொல்லவில்லை. பார்ப்பதும் கேட்பதும்தான் அவனுக்கு முதல் ஆண்டுகளின் வேலை. செய்யும் வேலை சின்னது, ஆனால் உண்மையானது. அவன் சீட்டைத் தவறான இடத்தில் கொடுத்தால் உண்மையாகவே ஒருவருக்குப் பணம் போய்ச் சேராது. தவறு செய்ய இடம் இருந்தது, அந்தத் தவறு கடையைக் கவிழ்க்கும் அளவுக்குப் பெரிதாகாதபடி ஒரு வரம்பும் இருந்தது. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவில் தையற்கடைகளை ஆராய்ந்தபோது இதே ஒழுங்கைக் கண்டார். அங்கே கற்றுக்கொள்ள வரும் பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடித்துத் தைப்பான். துணி வெட்டுவது கடைசிப் பாடம், ஏனென்றால் வெட்டில் பிழை நேர்ந்தால் துணியே பாழ். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் கல்வியாளர்கள் படிக்கும் நூலாயிற்று. செட்டிநாட்டுப் பெட்டியடியும் அந்த நூலில் ஓர் அத்தியாயமாகச் சேரத் தகுந்ததுதான்.

இரண்டாவது, தினமும் கணக்கு நேரானால்தான் கடை அடைப்பார்கள். ஐந்தொகை ஒத்துவராவிட்டால் ஏன் என்று தேட வேண்டும். செயல்வழிக் கல்வி பற்றி எழுதும் மேல்நாட்டார், டேவிட் கோல்ப் 1984இல் செய்தது போல, அனுபவத்துக்குப் பின் அதைத் திரும்பிப் பார்த்து அசைபோடும் கட்டம் ஒன்று வேண்டும் என்பார்கள். பேரேடு அதைத்தான் செய்தது. இன்று என்ன நடந்தது என்பதைப் பையன் தன் கையால் எழுதிப் பார்த்தான். மூன்றாவது, பேச்சு. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூரையின் கீழ் பல கடைக்காரர்கள் பெட்டி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் செய்யும் தொழில் மற்றவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சந்தையின் போக்கு இளையவர்கள் காதில் தானாகவே விழுந்தது.

பழையதைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது நேர்மை ஆகாது. அந்தக் கடையின் வாசல் ஒரு சாதியின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்கள் ஊரில் பெரிய வளவுகளை நிர்வாகம் செய்தார்கள், வரவுசெலவு பார்த்தார்கள், தங்கள் சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கினார்கள். ஆனால் கடையில் உட்கார்ந்து பழக அவர்களை யாரும் அனுப்பவில்லை. அதே ஊரில் வயலில் உழைத்தவரின் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எட்டாத தூரம். இன்னொன்று, அந்தக் கல்வி கணக்கைக் கற்றுத்தந்த அளவுக்குக் கடன் வாங்கியவரின் நிலையைக் கற்றுத்தரவில்லை. 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்ததும், கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் வசமான நிலம் 1937இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. அவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை, திரும்ப வராத கடனுக்கு ஈடாக நிலம் வந்தது என்பது உண்மை. ஆனாலும் நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை. தொழில் பழகும் மாணவர் வாடிக்கையாளரைப் போலவே அந்தத் தொழிலால் பாதிக்கப்படுபவரையும் சந்திக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கல்வி என்றாலே ஒரு பழைய காயம் வலிக்கும். வார்தாவில் 1937இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவில் வைத்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமோ பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். செட்டியார் வீட்டுப் பிள்ளை அப்பச்சியின் தொழிலைப் பழகினால் அவன் கையில் பேரேடு வரும், சலவைத் தொழிலாளியின் பிள்ளை அப்பாவின் தொழிலைப் பழகினால் அவன் கையில் வெள்ளாவிப் பானைதான் வரும். ‘செய்து கற்றல்’ என்று இன்று யாராவது சொன்னால், எதை, யார், யாருக்காகச் செய்வது என்று கேட்கத் தமிழர்களுக்கு உரிமை உண்டு. இதனால்தான் 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முக்கியமாகப் படுகிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் அதில் உண்டு. கற்றவர் தொழிலில் இறங்கக் கையில் முதல் இல்லாவிட்டால் கற்றது பயன்படாது.

செட்டிநாட்டிலேயே கற்கும் முறை எப்படி மாறியது என்பதற்குக் கோட்டையூர் அழகப்ப செட்டியாரின் வாழ்க்கை ஒரு சான்று. 1909இல் பிறந்த அவர் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார், சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். கல்லூரியிலும் கற்றவர், வங்கியிலும் கற்றவர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் அது திறக்கப்பட்டது. பர்மாவில் ஜப்பானியர் படையெடுப்பும் பிறகு தேசியமயமும் கொண்டுவிக்கும் வாழ்வை முடித்துவைத்த அதே காலத்தில், பட்டம்தான் பாதுகாப்பு என்ற எண்ணம் எல்லாச் சாதி வீடுகளிலும் வேரூன்றியது. அதில் தவறில்லை. வறண்ட சிவகங்கைச் சீமையில் ஒரு தலைமுறையைக் கரையேற்றியது அந்தப் பட்டம்தான். ஆனால் பட்டத்தோடு கூடவே நோட்ஸ், கைடு, முக்கிய வினாக்கள் என்ற பழக்கமும் வந்தது. இன்றைய மாணவர் இந்தப் பழக்கத்திலிருந்துதான் செயல்வழி வகுப்புக்குள் வருகிறார்.

வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இது பரீட்சைக்கு வருமா சார்?’ என்பது. இந்தக் கேள்வியைச் சோம்பல் என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. மதிப்பெண்தான் தன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று அறிந்த பிள்ளை, புதிய வேலையை எதை வைத்து அளக்கப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறது. அதற்குத் தெளிவான விடை இல்லாதபோது பழைய வழிக்கே திரும்பிவிடுகிறது. சீனியரின் பிசினஸ் பிளான் கைமாறி வருகிறது, செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது போல. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் எழுதுகிறார், நால்வர் கையெழுத்துப் போடுகிறார்கள். சந்தை ஆய்வுக்கான படிவத்தை விடுதி அறையிலேயே நிரப்பிவிடுகிறார்கள்.

இதற்கும் அடியில் கூச்சம் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் போய் ஒரு பொருளின் விலையைச் சொல்வதற்கு வாய் வராது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கு இது இரட்டிப்பு. காய்கறிக் கூடை சுமந்த அம்மா, மகள் அந்தக் கூடையைத் தொடவே கூடாது என்றுதான் படிக்க அனுப்பியிருக்கிறாள். அந்த மகளிடம் கல்லூரி, போய் விற்றுக் காட்டு என்கிறது. ‘படிச்சுட்டு வியாபாரமா?’ என்று வீட்டில் கேட்பது பிற்போக்கு என்று சொல்லிவிட முடியாது, அதில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் மானமும் அடங்கியிருக்கின்றன. பெண்களுக்கு மாலை நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வர அனுமதி கிடைப்பதே பாடு. தோற்றுப் பார்க்கலாம் என்று வகுப்பில் சொல்வது எளிது. கல்விக் கடனோடு படிப்பவருக்கு அரியர் ஒன்றே தாங்க முடியாத தோல்வி.

உலக ஆய்வுகள் இந்தத் தயக்கத்தை உறுதிப்படுத்துகின்றன. ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இயற்பியல் வகுப்பில் தாங்களே கணக்குப் போட்டுப் பேசிக் கற்ற மாணவர்கள், நல்ல விரிவுரை கேட்ட மாணவர்களைவிடத் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். முயன்று கற்பதில் வரும் திணறலைத் தெரியாமை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சரளமான விரிவுரை, புரிந்துவிட்டது என்ற நிறைவைத் தந்துவிடுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே ஆசிரியர் இதை மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றது அந்தக் குழு. நம் கல்லூரிகளில் பருவ முடிவில் மாணவர் கருத்தைக் கேட்டுப் பாடத்தை மதிப்பிடுகிறோம். திணறல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கேட்டால் நல்ல பாடம்கூடக் கெட்ட பெயர் வாங்கிவிடும்.

நெதர்லாந்தில் மாணவர்கள் குழுவாக ஒரு சிறு நிறுவனத்தை நடத்திப் பார்க்கும் திட்டத்தை ஊஸ்டர்பேக், வான் பிராக் முதலியோர் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். மாணவர்கள் தாங்களே மதிப்பிட்ட திறன்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்தே போனது. பலர் இதைத் தோல்வி என்று எடுத்துக்காட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தனக்கு இது ஒத்துவராது என்று இருபது வயதில், சிறு செலவில் தெரிந்துகொள்வது லாபம்தான். பெட்டியடிக்குப் போன எல்லாப் பையன்களும் மேலாள் ஆகிவிடவில்லை, கணக்கெழுதியே காலம் கழித்தவர்களும் அந்த முறையில் மதிப்போடு வாழ்ந்தார்கள்.

மாறாக, டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் நடத்துவோரிடம் செய்த சோதனை 2017இல் வெளியாயிற்று. கணக்கு, விற்பனை என்று வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபம் 11 விழுக்காடு கூடியது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத உயர்வு. தானே முன்வந்து செய்வது, தடையை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது என்ற மனப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியது. நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் ஹைதராபாத் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து 1964இல் காக்கிநாடா வணிகர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி நடத்தினார். பயிற்சி பெற்றவர்கள் பிறகு சுறுசுறுப்பாகத் தொழில் பெருக்கினார்கள் என்று பதிவு செய்தார். ஆனால் இரண்டு இடங்களிலும் பயிற்சி பெற்றவர்கள் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். கற்றதை மறுநாளே பயன்படுத்தக் கடை இருந்தது. மாணவருக்கு அந்தக் கடை இல்லை. இதுதான் சிக்கலின் மையம்.

டில்லி 2021இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை விதைப்பணம் கொடுத்தபோது இந்தச் சிக்கலைத் தொட்டது. உண்மைப் பணம் கைக்கு வந்ததும் பிள்ளைகளின் கவனம் மாறிவிடும். ஆனால் பணத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும், அவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் மட்டுமே தொழிலைப் படித்த ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது அவருக்கும் கொடுமை.

காரைக்குடிக்கு இங்கேதான் வாய்ப்பு இருக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் தரைக்கல் செய்கிறார்கள். கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பனையோலைக் கொட்டானுக்கும் அந்தக் குறியீடு உண்டு. நகரில் தெருவுக்குத் தெரு பெண்கள் கைமுறுக்கும் தேன்குழலும் மனகோலமும் செய்து விற்கிறார்கள். இங்கெல்லாம் மாணவர்களை பஸ் வைத்து ஒருநாள் கூட்டிப்போய்ப் படம் எடுத்துத் திரும்புவதைத் தொழிற்சாலைப் பார்வை என்கிறோம். அதனால் பயன் இல்லை. ஒரு பருவம் முழுக்க, வாரம் இரண்டு நாள், ஒரே பட்டறையில் மாணவர் உட்கார வேண்டும். முதல் மாதம் பார்ப்பது, கேட்பது, அன்றாட வரவுசெலவை எழுதுவது மட்டும். பலகாரக் கடைக்காரம்மா எண்ணெய் விலை ஏறும்போது முறுக்கின் விலையை ஏற்றுகிறாரா, அளவைக் குறைக்கிறாரா, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் மாணவிக்கு விலை நிர்ணயம் பற்றி எந்தப் புத்தகமும் தராத தெளிவு கிடைக்கும். இரண்டாம் மாதம் சிறு பொறுப்பு, ஒரு கடையின் நிலுவையைக் கேட்டு வாங்கிவருவது போல. விற்பது, புதிதாக ஒன்றைத் தொடங்குவது எல்லாம் அதன் பிறகு. மதிப்பெண்ணை லாபத்துக்குக் கொடுக்காமல், நேராக எழுதப்பட்ட கணக்குக்கும், நடந்த தவறை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கும் கொடுத்தால், பரீட்சைக்கு வருமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். முதலாளியே பெண்ணாக இருக்கும் பலகாரக் கடையும் கொட்டான் பின்னும் கூடமும் மாணவிகளின் வீடுகளில் எழும் தயக்கத்தையும் குறைக்கும்.

கடைசியில் எல்லாம் காசில்தான் வந்து நிற்கிறது. பெட்டியடிப் பையனுக்குக் கடை சோறு போட்டது, சம்பளமும் கொடுத்தது. இன்று பயிற்சிக்குப் போகும் மாணவர் தன் கைக்காசில் பஸ் ஏறிப் போய், மதியச் சோற்றையும் தானே கட்டிக்கொண்டு போகிறார். வசதி இல்லாதவர் பாதியில் நின்றுவிட, அவருக்கு ஆர்வமில்லை என்று பதிவேட்டில் எழுதுகிறோம். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் பழகுபவருக்கு உதவித்தொகை தந்தாக வேண்டும் என்கிறது. ஆனால் 2019இல் திருத்திய விதிகளின்படி, நான்கு பேராவது வேலை செய்யும் இடம்தான் பழகுநரைச் சேர்க்கலாம். மூன்று பெண்கள் சேர்ந்து நடத்தும் பலகாரக் கடை அந்தக் கணக்குக்குள் வராது. செட்டிநாட்டில் கற்கத் தகுந்த தொழில்களில் பல அந்த அளவுள்ளவைதான். அங்கே உட்கார்ந்து பழகும் மாணவருக்கு மாத உதவித்தொகையையும், நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுக்கும் கடைக்காரம்மாவுக்கு அதற்கான ஊதியத்தையும் ‘நான் முதல்வன்’ நிதியிலிருந்து அரசு கொடுக்க வேண்டும்.